மூக்கில் தங்காத தூசி



தண்டலத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் நமக்குத் தூசி புதிதல்ல. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகல் பாராமல் கண்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்கள், மூன்று ஷிப்டுக்கும் ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஒளு செய்யும்போது மூக்கில் தண்ணீர் செலுத்திச் சிந்தினால் கறுப்பாக வருகிறதே என்று நம்மில் பலர் பேசிக்கொள்கிறோம். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மூக்கு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மூக்கில் தங்காமல் உள்ளே போய்விட்ட தூசிதான் நம் கவலைக்குரியது. அதற்கு நிறமும் தெரியாது, தும்மலும் வராது.

அதை அதிநுண் துகள் என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். செய்திகளில் அடிக்கடி வரும் ‘பி.எம். 2.5’ என்பது இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவும் ஆன துகள்கள். அதிநுண் துகள் 0.1 மைக்ரானுக்கும் சிறியது. ஒரு முடியின் குறுக்கே இவற்றை வரிசையாக வைத்தால் எழுநூறுக்கு மேல் வைக்கலாம். டீசல் புகை, பெட்ரோல் புகை, விறகுப் புகை, வெல்டிங் புகை, எரியும் குப்பை, ஊதுபத்தி, அடுப்பின் நீலச் சுடர் என்று எங்கே எரிதல் நடக்கிறதோ அங்கெல்லாம் இவை பிறக்கின்றன.

காற்றின் தரத்தை இப்போது கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. பச்சை நிறம் வந்தால் நல்ல காற்று என்று நிம்மதி அடைகிறோம். அந்த எண்ணைக் கணக்கிடும்போது துகள்களை எடை போட்டுத்தான் பார்க்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்பதுதான் கணக்கு. தராசின் ஒரு தட்டில் ஒரு பூசணிக்காயையும் மறு தட்டில் அதே எடைக்குக் கடுகையும் வைத்தால் தராசு இரண்டும் சமம் என்றே காட்டும். எண்ணிப் பார்த்தால் ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் எண்ண முடியாத அளவு. இரண்டரை மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 0.1 மைக்ரான் துகள்கள் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மஞ்சள் தடவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பூசணிக்காய்க்கு ஒரு கைப்பிடி போதும். அத்தனை கடுகுக்கும் தடவ எவ்வளவு மஞ்சள் பிடிக்கும்! அதுபோலத்தான் அதிநுண் துகள்களின் மேற்பரப்பு மொத்தத்தில் மிகப் பெரியது. டீசலின் எரியாத எண்ணெய்ப் பொருள்களும் உலோகங்களும் அந்த மேற்பரப்பில்தான் ஒட்டிக்கொண்டு உடலுக்குள் வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட காற்றுத் தர வழிகாட்டுதலில் இந்தத் துகள்களை எடையால் அல்லாமல் எண்ணிக்கையால் அளக்கச் சொன்னது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அதாவது ஒரு சிறு கற்கண்டுக் கட்டி அளவு இடத்தில், நாள் சராசரியாக ஆயிரத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு. பத்தாயிரத்தைத் தாண்டினால் அதிகம். ஒரு மணி நேரக் கணக்கில் 20,000-ஐத் தாண்டினால் அதிகம். நாம் ஒரு முறை இழுக்கும் மூச்சு சுமார் அரை லிட்டர். அந்த 20,000 கணக்கில் பார்த்தால் ஒரே மூச்சில் ஒரு கோடித் துகள். இந்தியாவில் 2009-இல் வகுக்கப்பட்ட தேசியத் தர அளவுகளில் பி.எம். 2.5-க்கு வரம்பு உண்டு. அதிநுண் துகளுக்கு வரம்பு இல்லை. கைப்பேசியின் பச்சை நிறம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கடுகை எண்ணுவதில்லை.

உள்ளே போனபின் என்ன ஆகிறது? பெரிய தூசியை மூக்கு முடி பிடிக்கும். அதற்குத் தப்பியதைக் காற்றுக்குழாயில் உள்ள சளி பிடித்து மேலே தள்ளிவிடும், காறித் துப்புகிறோம். அதிநுண் துகளோ நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றுப் பைகள் வரை போகிறது. 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் ஏறக்குறைய பாதி அங்கேயே படிந்துவிடுகின்றன. அங்கே காவல் இருக்கும் உயிரணுக்கள் பெரிய துகளை விழுங்கி அழிக்கும். இவ்வளவு சிறியதை அவற்றால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. காற்றுப் பைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது.

அந்தச் சுவரைத் தாண்டுமா என்பதை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தன்னார்வலர்களை, உடலுக்குத் தீங்கு செய்யாத தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களைச் சுவாசிக்க வைத்தார்கள். சிலருடைய இரத்தத்தில் கால் மணி நேரத்துக்குள் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் இரத்தத்திலும் சிறுநீரிலும் இருந்தது. கழுத்து இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுக்கும் இதையே கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அடைப்பிலேயே தங்கம் போய்ச் சேர்ந்திருந்தது. 2017-இல் வெளிவந்த முடிவு இது. தூசி நுரையீரல் நோயாளிக்கு மட்டும்தான் ஆகாது என்ற எண்ணம் இதற்குப் பின் நிற்காது. இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களும் கணக்கில் வருகின்றன. கனடாவின் மாண்ட்ரியால், டொராண்டோ நகரங்களில் சுமார் 15 லட்சம் பேரின் 2001 முதல் 2016 வரையிலான விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வந்தது. அதிநுண் துகள்களில் நீண்ட காலம் வாழ்வதோடு மரண அபாயம் சுமார் 7 சதவீதம் கூடுவது தொடர்புடையது என்றும், அந்த இரண்டு நகரங்களில் மட்டும் ஆண்டுக்கு 1,100 பேர் அளவுக்கு அகால மரணம் இதனால் இருக்கலாம் என்றும் கணித்தார்கள். நம்மைவிட எவ்வளவோ சுத்தமான காற்றுள்ள ஊர்கள் அவை.

கர்ப்பிணிகள் உள்ள வீடுகள் அடுத்த செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 2019-இல், பிரசவத்துக்குப் பின் எடுத்த நஞ்சுக்கொடிகளைச் சோதித்தபோது, தாய்ப் பக்கத்தில் மட்டுமன்றிக் குழந்தைப் பக்கத்திலும் கரித்துகள் இருந்ததைக் கண்டார்கள். தாய் வசித்த இடத்தில் புகை கூடக் கூட, துகளும் கூடியிருந்தது. நம் பக்கத்திலேயே, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அரசு சுகாதார நிலையங்களுக்கு வந்த சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் அவர்கள். பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் 2 சதவீதம் கூடினார்கள். 4 கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். புகையடுப்பு உள்ள வீட்டில் இந்தப் பத்து மைக்ரோகிராம் என்ற படி ஒன்றோடு நிற்பதில்லை. பத்துப் படிகூட ஏறும். இரண்டரைக் கிலோவின் எல்லையில் நிற்கும் குழந்தைக்கு அது கணக்குத்தான்.

இன்னொன்று சர்க்கரை நோய். நம் வீடுகளில் அது இல்லாத வீடு எது? சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் பங்கேற்ற ஆய்வில், 2010 முதல் சென்னையிலும் டெல்லியிலும் சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 22 சதவீதம் கூடுவதாக 2023-இல் அறிவித்தார்கள். காரணம் என்று அவர்கள் சொல்வது, துகள்கள் உண்டாக்கும் உள் அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பது. இனிப்பைக் குறைக்கச் சொல்லும் நாம் இதையும் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. (இனிப்பைக் குறைக்க வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இவ்வளவும் படித்தால் மூச்சு விடவே பயமாக இருக்கும். ஆனால் இந்தத் துகளுக்கு ஒரு குணம் உண்டு, அதுதான் நமக்கு வழி. இவை பிறந்த இடத்தில்தான் அடர்த்தியாக இருக்கும். சிறிது தூரம் போனதும் காற்றில் கலைந்தும், ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகியும் எண்ணிக்கை வேகமாக இறங்கிவிடும். 2002-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் பெரிய நெடுஞ்சாலைகளை ஒட்டி அளந்து பார்த்தார்கள். பகலில் சாலையிலிருந்து 300 மீட்டர் தள்ளிப் போனதும், பொதுவாக ஊரில் இருக்கும் அளவுக்கு வந்துவிட்டது. முதல் நூறு மீட்டரில்தான் பெரிய இறக்கம். எனவே சர்வீஸ் ரோட்டிலேயே நிற்பதற்கும் இரண்டு தெரு உள்ளே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானது அல்ல. பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நெடுஞ்சாலை முனையில் நிறுத்தாமல் உள் தெருவில் நிறுத்த வேன்காரரிடம் பேசலாம். நான்கு வீட்டுப் பெற்றோர் சேர்ந்து சொன்னால் அவரும் கேட்பார். பைக்கில் போகும்போது கரும்புகை கக்கும் லாரியின் பின்னாலேயே ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுவதும் இதே கணக்குத்தான்.

ஆனால் அந்த 300 மீட்டர் பகல் கணக்கு. அதே ஊரில் பின்னர் சூரிய உதயத்துக்கு முன் அளந்தபோது, காற்று வீசும் பக்கத்தில் இரண்டு கிலோமீட்டர் வரைகூட நெடுஞ்சாலையின் துகள்கள் பரவியிருந்தன. காரணம் எளிது. விடியற்காலையில் தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும், காற்றும் அசையாது. பிரியாணி தம் போட்ட சட்டிபோல் புகை கீழேயே அடங்கிக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் நம் சாலையில் பனி மூடினாற்போல் தெரிவதில் பாதி பனி அல்ல. போகி அன்று காலை சென்னை படும் பாடு எல்லோருக்கும் தெரியும்.

ஃபஜ்ர் தொழுகைக்கு நடந்து போகிறவர்கள் நடையை விட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பள்ளிவாசலுக்கு உள் தெரு வழி இருந்தால் நெடுஞ்சாலையோர வழியை விட்டு அதில் போகலாம். தொழுகை முடிந்ததும் சர்க்கரைக்காக வேகநடை போகும் சகோதரர்கள் பலர், சாலை நேராக இருக்கிறது என்று நெடுஞ்சாலை ஓரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். வேகமாக நடக்கும்போது மூச்சு இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. துகளும் அந்த அளவுக்கு உள்ளே போகும். ஏரிக்கரைப் பக்கமோ உள்ளூர் மைதானமோ போங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெயில் ஏறிய பின்போ அஸருக்குப் பின்போ நடப்பது நல்லது. வீட்டு ஜன்னலிலும் அப்படியே: சாலைப் பக்க ஜன்னலை விடியற்காலையில் மூடி வைத்து, முற்பகலில் பின்பக்க ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள்.

வண்டிகளிலும் மாற்றம் வராமல் இல்லை. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் வாகனங்களுக்கு பி.எஸ்.-6 தரம் கட்டாயம். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் வண்டியின் புகைக்குழாயில் வடிகட்டி வந்தது. எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது என்பதுதான் இதில் முக்கியம். ஆயினும் 2020-க்கு முந்திய லாரிகள் இன்னும் பல ஆண்டு ஓடும். புது லாரி வைத்திருக்கும் சகோதரர்கள், மைலேஜ் கூடும் என்று மெக்கானிக் சொன்னார் என்பதற்காக அந்த வடிகட்டியைக் கழற்றிவிடாதீர்கள். அந்தப் புகையை முதலில் குடிப்பது ஸ்டியரிங்கில் இருக்கும் டிரைவர்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது.

இனி வீட்டுக்குள் வருவோம். சாலையை நாம் நகர்த்த முடியாது. வீட்டுப் புகை நம் கையில் உள்ளது.

கொசுவர்த்திச் சுருள்தான் முதலாவது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்தால் வருவதற்குச் சமம் என்று அளந்தார்கள். சிகரெட் தொடாத வீட்டில் கதவைச் சாத்தி, குழந்தையின் கட்டிலுக்கு அடியில் அதை வைக்கிறோம். ‘மூலிகை’ என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் எரிவது எரிவதுதான். கொசு கடிக்கட்டும் என்று விட முடியாது, டெங்கு உள்ள ஊர் இது. ஜன்னலுக்கு வலை அடிப்பதும் கொசுவலை கட்டிப் படுப்பதும்தான் சரியான மாற்று. ஒரு ஆண்டுக்குச் சுருள் வாங்கும் காசில் நல்ல கொசுவலையே வாங்கிவிடலாம்.

சாம்பிராணி விஷயத்தில் பெரியவர்கள் வருத்தப்படக் கூடாது. குளிப்பாட்டிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது நம் ஊரில் எல்லா மக்களிடமும் உள்ள வழக்கம். பிறந்த குழந்தையின் காற்றுக்குழாய் அவ்வளவு சிறியது, மூச்சும் நிமிடத்துக்கு அறுபது வரை. அதற்கு இந்தப் புகை கூடாது. மெல்லிய துணியால் தலையைத் துவட்டினால் ஈரம் போய்விடும். வீட்டில் மணம் வேண்டுமானால் யாரும் இல்லாத அறையில் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, புகை போன பின் உள்ளே வாருங்கள். பெருநாளுக்குப் போடும் பகூருக்கும் இதுவே. அத்தரில் புகை இல்லை.

சமையலறையில் கேஸ் வந்ததால் புகை போய்விட்டது என்று நினைக்கிறோம். கரி போயிற்று, நன்மைதான். ஆனால் நீலச் சுடரும் அதிநுண் துகளை உண்டாக்குகிறது, எண்ணெய் காய்ந்து புகையும்போது இன்னும் அதிகம். எக்ஸாஸ்ட் ஃபேனை மீன் பொரிக்கும்போது மட்டும் போடாமல் அடுப்புப் பற்ற வைக்கும்போதே போட்டு, அணைத்த பின்னும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். நிக்காஹ் வீட்டில் விறகடுப்பில் தேக்சா ஏற்றும்போதும், நோன்புக் கஞ்சி காய்ச்சும்போதும் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். காற்றடிக்கும் எதிர்ப்பக்கம் நிற்க வையுங்கள். மண்டபத்தின் மூடிய பின்கட்டில் விறகு அடுப்பு வேண்டாம். ஆண்டு முழுதும் அந்தப் புகையில் நிற்கும் பிரியாணி மாஸ்டர்தான் எல்லோரையும்விட அதிகம் சுவாசிப்பவர். பெரிய கேஸ் பர்னர் கேட்டால் கூடுதல் காசு என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

கடைசியாக, வேலையிடம். நம் பிள்ளைகள் பலர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். பெரிய கம்பெனிகளில் காரின் உடலை ரோபோ வெல்டிங் செய்கிறது. அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சிறு பட்டறைகளிலும் கேட், கிரில் செய்யும் கடைகளிலும் மனிதக் கைதான். வெல்டிங் புகையில் எண்ணிக்கைப்படி பெரும்பகுதி அதிநுண் துகள். அதுவும் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் போன்ற உலோகத் துகள். 2017-இல் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்த அன்று இரவு குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை வந்து, ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். வாரம் முழுதும் வேலை செய்தால் உடம்பு பழகினாற்போல் இருக்கும். லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் மீண்டும் வரும். வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டு மறந்துவிடுகிறார்கள். பால் குடித்தால், வெல்லம் தின்றால் புகை இறங்கிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு. மருத்துவரிடம் போனால் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல் ‘வெல்டிங் வேலை பார்க்கிறேன், இத்தனை வருஷமாக’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை எளிது, வலி இல்லாதது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகக்கவசம் பற்றிப் பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன. கைக்குட்டை, துப்பட்டா, நிகாப் துணி இவை பெரிய தூசியை ஓரளவு தடுக்கும். அதிநுண் துகளைத் தடுக்காது. இவ்வளவு சிறிய துகளை என்-95 மட்டும் எப்படித் தடுக்கும் என்று கேட்பார்கள். மிகச் சிறிய துகள் நேராகப் போகாது, தள்ளாடித் தள்ளாடிப் போகும். அதனால் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிக்குச் சிரமம் தருவது மிகச் சிறியதும் பெரியதும் அல்லாத இடைப்பட்ட அளவில் உள்ளவைதான். அதைவிடச் சிறியவை நன்றாகவே பிடிபடும். ஆனால் கவசம் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். தாடி வைத்திருந்தால் ஓரங்களில் காற்று கசியும். கவசத்தின் பயன் பெரிதும் குறைந்துவிடும். தாடி உள்ள வெல்டர்களுக்கு வேறு வழி இருக்கிறது: இடுப்பில் மாட்டும் சிறிய மோட்டார், வடிகட்டிய காற்றைத் தலைமூடிக்குள் ஊதும் ஹெல்மெட். அது முகத்தோடு இறுக வேண்டியதில்லை. விலை அதிகம் என்பதால் தொழிலாளி தானாக வாங்க முடியாது, கம்பெனிதான் கொடுக்க வேண்டும். அது கிடைக்கும் வரை, புகை கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வைக்கச் சொல்லி ஷிப்டில் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். நகல் ஒன்றைக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.